அடீனியம் வைத்தால் தேனீ வருமா?

திருப்பூர்ப் பக்கம் மாடித்தோட்டம் போட்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாகலும் பூசணியும் பிஞ்சிலேயே வெம்பி உதிர்கின்றன, தேனீ வராததுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நர்சரிக்காரர், "நாலு தொட்டி அடீனியம் வெச்சுப் பாருங்க, பூவுக்கே தேனீயும் பட்டாம்பூச்சியும் தேடி வரும்" என்றாராம். பாலைவன ரோஜா என்கிறார்களே, அதுதான். வாங்கலாமா, சொல்வது உண்மையா?

வாங்குங்க. நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் அதைப் போலத் தாக்குப்பிடிக்கும் தொட்டிச்செடி அதிகம் இல்லை. பல்லடம், காங்கேயம், கரூர்ப் பக்கம் மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் வாடிக் கிடக்க, இது மட்டும் பூத்துக் குலுங்கும். ஆனால் தேனீக்காக என்று வாங்காதீங்க. அந்த வேலையை அடீனியம் பூ செய்யாது. பூச்சிகளுக்கு அதனால் உதவி உண்டு, அது பூ வழியாக வருவதில்லை, இலை வழியாக வருகிறது. இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பூ. உங்களிடமோ பக்கத்து வீட்டிலோ அடீனியம் இருந்தால், வாடப் போகிற பூ ஒன்றைப் பறித்து, சவர பிளேடால் நீளவாக்கில் இரண்டாகக் கீறிப் பாருங்க. வெளியே விரிந்த 5 இதழ்கள். அவை உள்ளே போய் ஒரு குழலாகச் சேர்கின்றன. குழலின் தொண்டையில் அடர்நிறக் கோடுகள் உள்நோக்கி ஓடும். அதற்கும் கீழே, குழல் குறுகுகிற இடத்தில் கூம்பு மாதிரி ஒன்று நிற்கும். 5 மகரந்தப்பைகளும் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்து ஆன கூம்பு அது. அதன் நுனியிலிருந்து மெல்லிய, ரோமம் படர்ந்த 5 வால்கள் மேலே நீண்டிருக்கும். சூலகமுடி அந்தக் கூம்புக்குள்ளே ஒளிந்திருக்கிறது. மகரந்தமும் கூம்பின் உட்புறத்தில்தான் கொட்டிக் கிடக்கிறது. அதாவது ஆணும் பெண்ணும் ஒரே பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன.

இப்போது ஒரு தேனீயின் இடத்திலிருந்து யோசிங்க. அதற்கு வேண்டியது இரண்டு: தேன், மகரந்தம். சூரியகாந்தியில் இறங்கினால் மகரந்தம் காலிலும் வயிற்றிலும் தானாக அப்பிக்கொள்ளும். துளசிப் பூவில் நாக்கை நீட்டினால் தேன் கிடைக்கும். அடீனியத்தில் இறங்கினால் மகரந்தம் கண்ணிலேயே படாது. கீழே போகலாம் என்றால் கூம்பு வழியை அடைத்து நிற்கிறது. பைகளுக்கு நடுவே உள்ள சின்ன இடுக்கு வழியாக நீளமான நாக்கை விட்டு இழுக்கிற பூச்சிக்கு மட்டுமே அந்தப் பூ இடம் கொடுக்கும். இழுக்கும்போது சூலகமுடியின் பசை நாக்கில் ஒட்டி, அதன் மேல் மகரந்தம் ஒட்டி, அடுத்த பூவுக்குப் போகும். அப்படிப்பட்ட பூச்சிக்கென்றே அமைந்த பூட்டு அது. நம் அடுக்குத் தேனீயின் நாக்கு அரை சென்டிமீட்டர் அளவுதான். கொசுத்தேனீக்கு அதிலும் குட்டை. போதாக்குறைக்கு இந்தப் பூவுக்கு வாசம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மல்லிகை மாதிரி தூரத்திலிருந்து ஆளை இழுக்கிற சங்கதி இதில் இல்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளிச்சென்ற சிவப்பு நம் கண்ணுக்குத்தான் பளிச். தேனீயின் கண்ணுக்குப் புற ஊதா, நீலம், பச்சை தெரியும், சிவப்பு தெரியாது. ரோஸ் நிறப் பூவை அது ஓரளவு பார்க்கும், கருஞ்சிவப்பு அடீனியம் அதற்கு இலைக்கூட்டத்தில் இருண்ட ஒரு திட்டு.

அடீனியத்தின் நெருங்கிய உறவு யாரென்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நம் ஊர் அரளிதான் அது. 1775இல் அச்சான, ஃபோர்ஸ்கோல் என்ற தாவர ஆய்வாளரின் நூல், ஏமனில் கண்ட இந்தச் செடியை அரளியின் பேரினத்திலேயே சேர்த்திருந்தது. தனிப் பேரினமாக வந்தது 1819இல். இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று உடனே புரியும். அரளிப் பூவில் தேனே சுரப்பதில்லை. வெறும் நிறத்தைக் காட்டிப் பூச்சியை ஏமாற்றி வரவழைக்கிற பூ அது. ஏமாந்த பூச்சி ஒன்றிரண்டு பூ பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடும். அவிநாசி சாலையோ சேலம் சாலையோ, நடுவில் கிலோமீட்டர் கணக்கில் அரளி பூத்து நிற்கிறது. அவ்வளவு பூவில் தேனீ மொய்த்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, "எங்க வீட்டு அடீனியத்துல எறும்பும் சின்னச் சின்ன ஈயும் எப்பவும் இருக்குதே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கும். மொட்டுக் காம்பைத் திருப்பிப் பாருங்க. மஞ்சள் உடம்பும் கருப்புக் காலுமாக அசுவினிக் கூட்டம் அப்பியிருக்கும். அரளியில் வருவதும் இதே அசுவினிதான். அது கழிக்கிற இனிப்புச் சாறுக்காக எறும்பு வருகிறது, ஈ வருகிறது, சில நேரம் சின்னத் தேனீகூட இலையை நக்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்குப் பூவுக்கு வந்த மாதிரித் தெரியும். பூவுக்குள் இறங்கியதா, இறங்கி எவ்வளவு நேரம் இருந்தது, அடுத்த பூவுக்குப் போனதா என்று கவனித்தால் உண்மை தெரிந்துவிடும். காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். அதே நேரம் பக்கத்தில் ஒரு துளசித் தொட்டியும் பூத்திருந்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

இதைவிட நம்பகமான சாட்சி காய். மகரந்தச் சேர்க்கை நடந்திருந்தால் அடீனியத்தில் காய் பிடித்திருக்க வேண்டும். ஆட்டுக்கொம்பு போல ஜோடியாக இரண்டு நெற்று வரும். ஒரு வருஷம் முழுக்கப் பூத்தும் ஒரு நெற்றுகூட வராத செடிகள்தான் நம் வீடுகளில் பெரும்பாலும். பூச்சி வராதது ஒரு காரணம். இன்னொன்று, பெரும்பாலான அடீனியம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை, வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஒரே செடியிலிருந்து ஒட்டுக்கட்டி வந்த 4 தொட்டி இருந்தாலும் அவை ஒரே செடிக் கணக்குத்தான்.

அடுக்குப் பூ வகைகளைப் பற்றி அதிகம் பேசவே வேண்டாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு இதழ் இருக்கிற பூவில் குழலின் வாயே மூடிப் போகிறது. பார்க்க அழகு, பூச்சிக்குக் கதவு அடைப்பு. அடீனியம் என்றில்லை, ரோஜா, சாமந்தி, டேபிள் ரோஸ் எதிலும் பூச்சிக்கென்று வைப்பதானால் ஒற்றை அடுக்குப் பூவையே கேட்டு வாங்குங்க.

இனி இலை. இங்கேதான் அடீனியம் நம் தோட்டத்துக்கு நிஜமாகவே ஒன்று கொடுக்கிறது, அதைத்தான் பலர் மருந்தடித்து அழிக்கிறார்கள்.

ஆடி, ஆவணிக்கு மேல் ஒரு நாள் காலையில் பார்த்தால் கிளையின் நுனியில் இலையே இருக்காது, காம்புகள் மட்டும் நிற்கும். கீழே தரையில் மிளகு மாதிரி, அதைவிடப் பெரிதாகக் கரும்பச்சைப் புழுக்கை கிடக்கும். மேலே தேடினால் விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று. வாலில் ஒரு சின்னக் கொம்பு. பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு கோடு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்தை உப்பும், அப்போது நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண் திறந்த மாதிரித் தெரியும். அவை கண்ணில்லை, குருவியை மிரட்ட வரைந்த கோலம். அரளி, நந்தியாவட்டை, அடீனியம் மூன்றிலும் இதைப் பார்க்கலாம். தின்று முடித்ததும் பழுப்பாகி, இறங்கி, சருகுக்கடியில் கூடு கட்டும். வெளியே வருவது பச்சையும் வெளிர் ரோஸும் கலந்த பெரிய அந்துப்பூச்சி. பொழுது சாய்ந்ததும் தேன்சிட்டு மாதிரி ஒரே இடத்தில் நின்று பறந்து, நீளமான நாக்கை நீட்டி அந்திமந்தாரையிலும் மரமல்லியிலும் தேன் குடிக்கும். வெள்ளையாய் இரவில் பூக்கிற பூக்கள் பலவற்றுக்கும் மகரந்தம் சுமக்கிற கூட்டம் இந்த வகை அந்துப்பூச்சிகள்தான். அதன் குழந்தைப் பருவம் உங்கள் அடீனியத்தில் கழிந்திருக்கிறது.

இரண்டாவது விருந்தாளி வெண்புள்ளிக் கருப்பன். கரும்பழுப்பு இறக்கை, ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி, அவசரமில்லாமல் மிதந்து போகும் பட்டாம்பூச்சி. மழைக்காலம் மாறும்போது மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் நடுவே கூட்டம் கூட்டமாக நம் ஊர்களைத் தாண்டிப் போகிறவற்றில் இதுவும் ஒன்று. அரளியில் முட்டை வைக்கும், அடீனியத்திலும் வைக்கும். புழுவுக்குக் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், முதுகில் 4 ஜோடிக் கருங்கொம்புகள். இலைக்கடியில் தொங்குகிற கூட்டைப் பார்த்தால் வெள்ளியை உருக்கி ஊற்றியது போலக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைக் கட்டாயம் காட்டுங்க, ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

இரண்டு புழுவும் தின்பது விஷப் பாலுள்ள இலையை. அடீனியத்தின் பால் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது, ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். இந்தப் புழுக்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. நமக்குச் செய்யும். கவாத்துப் பண்ணும்போது கையுறை போடுங்க, கண்ணைத் தொடாதீங்க. வெட்டிய கிளையை ஆடு, மாடு மேய்கிற பக்கம் வீசாதீங்க. பட்டியில் நாலு ஆடு நிற்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. பச்சையாய்த் தெரிவதை அது தின்னத்தான் பார்க்கும். "அப்போ தேனும் விஷமாகிடுமா?" என்ற பயம் வேண்டாம். தேனீ செடியின் பாலைக் குடிப்பதில்லை, இந்தப் பூவையும் நாடுவதில்லை.

இலை போனால் செடி போய்விடுமா என்று கேட்டால், போகாது. அடி பெருத்த தண்டில் தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்திருக்கிற செடி அது. சில வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும், வெட்டிவிட்ட மாதிரிக் கிளை பிரிந்து பூவும் கூடும். 2 புழு இருந்தால் விட்டுவிடுங்க. 10 இருந்தால் எடுத்துத் தோட்டத்து அரளியில் விடுங்க. நாற்றுச் செடியாக இருந்தால் மட்டும் காப்பாற்றியாக வேண்டும், இலை போனதைத் தாங்கும் சத்து அதற்கு இன்னும் சேர்ந்திருக்காது.

இதைச் சொல்லும்போது மருந்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் என்று கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது இமிடாகுளோபிரிட். அது செடிக்குள் ஊடுருவி இலை, மகரந்தம், தேன் எல்லாவற்றிலும் பரவுகிற மருந்து. தேனீக்கு ஆகவே ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதையும் இதன் இரண்டு சகோதர மருந்துகளையும் திறந்தவெளிப் பயிரில் பயன்படுத்தத் தடை போட்டது. ஒரே மாடியில் அடீனியத்துக்கு இதை அடித்துவிட்டு, காற்றில் பறந்து பாகலிலும் துளசியிலும் படிய விட்டால், வருகிற 4 தேனீயும் வராது. நம் ஊர்க் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்றுக்கு எந்தச் சொட்டும் அடித்த இடத்தில் நிற்காது. அசுவினிக்குத் தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிங்க. பொறிவண்டு வந்துவிட்டால் அதுவும் வேண்டாம், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், தேனீக்கு எதைத்தான் வைப்பது? நர்சரிக்குப் போகும் முன் நம் வேலியோரத்தையும் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தையும் ஒரு நடை பார்த்து வாங்க. மழை பெய்ததும் தும்பையில் தேனீ, வெட்டுக்காயப் பூண்டில் பட்டாம்பூச்சி, எருக்கில் கருவண்டு, ஆவாரையிலும் கருவண்டு. ஆவாரையில் அது பூவைக் கட்டிப் பிடித்து ரீங்காரமிட்டு உலுக்கி மகரந்தத்தைக் கொட்ட வைப்பதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைத் தேடிப் போகிறோமே, அந்தச் செடி ஒன்று வீட்டுப் பக்கம் நின்றால் போதும்.

மாடிக்கு என்றால் நான் முதலில் சொல்வது துளசி. கதிரைக் கிள்ளாமல் பூக்க விடணும், அவ்வளவுதான். திருநீற்றுப்பச்சிலையும் அப்படியே. அடுத்தது டேபிள் ரோஸ். அடீனியத்துக்கு வேண்டிய அதே வெயில், அதே சிக்கனத் தண்ணீர், எனவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். காலையில் அது விரிந்ததும் கொசுத்தேனீ உள்ளே உருண்டு புரண்டு, மஞ்சள் மூட்டையோடு வெளியே வரும். சுவரில் ஏற இடமிருந்தால் கொடிரோஜா. கீரைப் பாத்தியில் கொத்தமல்லியும் வெங்காயமும் கொஞ்சம் பூவுக்கு விடுங்க. கீழே நிலம் இருந்தால் ஒரு செடிமுருங்கையும் கறிவேப்பிலையும். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோப்பில் காலையில் நின்றவர்களுக்குக் கருவண்டின் இரைச்சல் தெரியும். ஒன்றை மட்டும் கவனிங்க: தேனீ ஒரு நடைக்கு ஒரே வகைப் பூவைத்தான் பார்க்கும். பத்து வகையில் ஒவ்வொரு தொட்டி வைப்பதைவிட மூன்று வகையில் நாலைந்து தொட்டி சேர்த்து வைப்பது பலன் தரும். தேனீ குடிக்க ஒரு அகலத் தட்டில் கூழாங்கல் போட்டு, கல் முழுகாமல் தண்ணீர் ஊற்றி வைங்க.

கடைசியாக உங்கள் பாகலும் பூசணியும். உதிர்ந்த பிஞ்சை முதலில் கீறிப் பாருங்க. உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை, அதற்குத் தேனீயைக் குறை சொல்லிப் பயனில்லை. உதிர்ந்ததைப் பொறுக்கி அழிக்கணும், பிஞ்சுக்குப் பேப்பர் உறை கட்டணும். புழு இல்லாமல் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் அது சேர்க்கை நடக்காத பிஞ்சு. கொடி பூக்க ஆரம்பித்த புதிதில் ஆண் பூ மட்டும்தான் வரும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருக்கும். பூசணிக்கும் பாகலுக்கும் காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்க. பீர்க்கனும் சுரையும் சாயங்காலம் பூப்பவை, அவற்றுக்குப் பொழுது சாயும் நேரத்தில் செய்யணும். காலையில் போய்த் தடவிவிட்டு "காய் பிடிக்கல" என்று சொல்பவர்கள் அதிகம்.

இதே கை வேலையை அடீனியத்திலும் செய்யலாம். வேறு வேறு செடியாக இரண்டு இருக்கணும். ஒரு பூவின் குழலைக் கிழித்து, கூம்பைப் பல்குத்தும் குச்சியால் பிரித்து, மேல்பக்கத்து உள்ளறையில் இருக்கிற மஞ்சள் தூளை எடுத்து, இன்னொரு செடியின் பூவில் கூம்பைத் திறந்து சூலகமுடியின் அடிப்பகுதியில் ஒட்டுங்க. மேலே ஒட்டினால் பிடிக்காது, மகரந்தத்தை ஏற்கிற இடம் அடியில்தான். கொம்பு போல நெற்று நீண்டதும் பனியன் துணிக் கிழிசலால் தளர்வாகச் சுற்றிக் கட்டிவிடுங்க. விதையின் இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் இருக்கும். கட்டாமல் விட்டால் நெற்று வெடித்த அன்றே எல்லாம் காற்றோடு பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.